நுரையீரல் மீனை மூழ்கடித்துவிடாதீர்கள்

போன மார்கழியில் நாயுடுபுரத்துத் தம்பி ஒருவர் ஆப்பிரிக்க நுரையீரல் மீன் வாங்கியிருப்பதாகக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், தொட்டியின் விளிம்புவரை தண்ணீர். மேலே கண்ணாடி மூடி, அதன்மேல் தெர்மோகோல், சுற்றிலும் டேப். "கொடைக்கானல் குளிருண்ணே, சூடு வெளிய போகக் கூடாதுல்ல" என்றார். எனக்குக் கை பதறிவிட்டது. பதினோரு வருடத்துக்கு முன் நான் செய்த அதே காரியம்.

தண்ணீர் மாற்றுவது, அளவாகத் தீனி போடுவது எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். செய்யவே கூடாதவற்றை நான் சொல்கிறேன்.

விளிம்புவரை நிரப்பி மூடுவது

இந்த மீன் மூழ்கிச் சாகும். ஆஸ்திரேலிய இனம் நல்ல தண்ணீரில் செவுளை வைத்தே சமாளித்துவிடும். ஆப்பிரிக்க இனம் அப்படியல்ல. வளர்ந்த மீனுக்குச் செவுள் குறுகியிருக்கும். வேண்டிய ஆக்சிஜனில் சுமார் 90 சதவீதம் மேலே வந்து விழுங்கும் காற்றிலிருந்துதான் கிடைக்கிறது. ஏர் பம்ப் எவ்வளவு குமிழி விட்டாலும் அதற்கு ஈடாகாது.

தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நூல் மாதிரித் துடுப்பைத் தரையில் ஊன்றி மெல்ல நிமிரும். மூக்கு நுனி தண்ணீருக்கு மேலே வரும், வாய் திறக்கும், 'ப்ச்' என்று சின்னச் சத்தம். இறங்கும்போது செவுளோரம் இரண்டு மூன்று குமிழி.

என் மீன் கடைசி இரவு முழுக்க மூடியை முட்டிக்கொண்டே இருந்தது. முரட்டு மீன் என்று நினைத்து மூடிமேல் செங்கல் வைத்தேன். காலையில் அடியில் மல்லாந்து கிடந்தது. தெர்மாமீட்டரில் 26 டிகிரி, குளிரில் சாகவில்லை. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற கோபம் இன்னும் தீரவில்லை.

மூடி கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் வெளியே ஏறிவிடும். ஆனால் மூடிக்குக் கீழே அரைச் சாண் இடம் விட்டு, காற்றுத் துளையும் போடுங்கள். தெர்மோகோல் பின்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும்தான்.

குளிரில் கிடப்பதைக் கோடை உறக்கம் என்பது

கரண்ட் போய்த் தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்கினால் மீன் அசையாது. "தூங்குது, வருஷக்கணக்கா தூங்குமாம்" என்பார்கள். கோடை உறக்கம் வறட்சிக்கு வருவது, குளிருக்கு அல்ல. குளம் வற்றும்போது சேற்றைக் குடைந்து இறங்கும். உடம்பின் வழவழப்பு உலர்ந்து கூடாகும். வாய்ப்பக்கம் மட்டும் மூச்சுக்குத் துளை. தன் தசையைக் கரைத்தே உயிர் வாழும். அம்மோனியா நஞ்சு என்பதால் கழிவை யூரியாவாக்கி உடம்பிலேயே வைத்துக்கொள்ளும். உங்கள் தொட்டியில் கிடப்பது விறைத்த மீன். மெதுவாக 25 டிகிரிக்கு மேல் கொண்டுவாருங்கள்.

இரண்டை ஒரே தொட்டியில் விடுவது

ஒன்றையொன்று கடித்துக் குதறும்.

அலுத்ததும் ஏரியிலோ பாம்பாற்றிலோ விடுவது

கூடவே கூடாது.

ஆயுளை யோசிக்காமல் வாங்குவது

சிகாகோவின் ஷெட் அக்வேரியத்துக்கு 1933-இல் வந்த ஆஸ்திரேலிய நுரையீரல் மீன் 2017 வரை இருந்தது. ஆப்பிரிக்க மீனும் பல்லாண்டு வாழும். உங்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று வீட்டில் பேசிவிட்டு வாங்குங்கள். நாயுடுபுரத்தில் அன்றைக்கு நான்கு வாளி தண்ணீர் இறைத்தோம். டேப்பைப் பிரித்ததும் அது மேலே வந்து மூச்செடுத்தது.