குறட்டைக்குப் பற்கருவி: நாங்கள் வழக்கமாக விடும் பிழைகள்

வீட்டில் ஒருவர் பலமாகக் குறட்டை விட்டால் "ஆள் நல்ல நித்திரை" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது எங்கள் ஊர் வழக்கம். முதல் பிழை அதுதான். குறட்டைக்கு நடுவே சத்தம் சட்டென்று நின்று, கொஞ்ச நேரத்தில் ஆள் திணறிக்கொண்டு மூச்சை இழுக்கிறாரா என்று கவனியுங்கள். அப்படியென்றால் அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளரும்போது நாக்கின் அடிப்பகுதி பின்னுக்குச் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது. 10 செக்கனாவது நீடித்தால்தான் அதை ஒரு தடை என்று கணக்கில் எடுப்பார்கள். முழுத் தடை, பாதித் தடை எல்லாம் சேர்த்து மணித்தியாலத்துக்கு 5 முதல் 15 வரை என்றால் இலேசானது. 30 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையானது.

ஒவ்வொரு தடையிலும் இரத்தத்தில் ஒட்சிசன் குறையும், அட்ரினலின் ஏறும், மூளை பதறி ஆளை அரைவிழிப்புக்குக் கொண்டுவரும். விழித்தது அவருக்கு நினைவே இருக்காது. இரவிரவாக இப்படிப் போனால் பிரஷர் கூடாமல் என்ன செய்யும்? மூன்று வகைக் குளிசை போட்டும் பிரஷர் இறங்காதவர்கள் இதைக் கட்டாயம் சோதித்துப் பார்க்கவேண்டும். இதயத் துடிப்புக் குழப்பம், பாரிசவாதம், சீனி வருத்தம் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. காலைத் தலையிடி, காய்ந்த வாய், இரவில் பல தடவை சலம் கழிக்க எழும்புவது ஆகியவையும் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். வயது போய்விட்டது என்று அவற்றை ஒதுக்கிவிடுகிறோம். உடம்பு பெருத்தவர்களுக்குத்தான் வரும் என்பதும் சரியில்லை. கீழ்த்தாடை சிறிதாகவோ உள்வாங்கியோ இருக்கும் மெலிந்த ஆட்களுக்கும் வரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வாய்ப்புக் கூடுகிறது.

பகல் தூக்கத்தைத் தேத்தண்ணீரால் சமாளிக்கும் சாரதிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர், அதுவும் பெரும்பாலும் இரவு ஓட்டம். இந்த வருத்தத்தோடு ஸ்டியரிங் பிடிப்பவர் தன்னோடு சேர்த்து பின்னால் கண்ணயர்ந்திருக்கும் எல்லோரையும் ஆபத்தில் வைக்கிறார். இரவில் சரியாக நித்திரை இல்லை என்று நித்திரைக் குளிசையோ சாராயமோ எடுப்பது இன்னும் மோசம். இரண்டும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்திவிடும்.

அடுத்தது எங்கள் ஊருக்கே உரிய பிழை: வெளிநாட்டுப் பார்சல். கனடாவிலிருந்து மகள், குறட்டைக்கு வாயில் மாட்டும், வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் கருவியை இணையத்தில் வாங்கி அனுப்புவார். லண்டனில் ஒரு சித்தப்பா பாவித்து முடித்த சீபாப் இயந்திரமும் சிலவேளை வரும். முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் அந்த முறையை 1981இல் ஆஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் வெளியிட்டார். கடுமையான தடைக்கு இன்றும் அதுதான் முதல் சிகிச்சை. ஆனால் அழுத்தத்தின் அளவு ஆளுக்கு ஆள் வேறு. சித்தப்பாவின் அளவு உங்களுக்குச் சரிவராது. 2021இல் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு சிதையக்கூடும் என்று பல இலட்சம் இயந்திரங்களைத் திருப்பி அழைத்தது. பழைய இயந்திரம் கைக்கு வந்தால் அதையும் விசாரிக்கவேண்டும்.

சரி, பல் வைத்தியர் எங்கே வருகிறார்? இலேசான, நடுத்தரமான தடைக்கும், சீபாப் ஒத்துவராதவர்களுக்கும் அவர் ஒரு கருவி செய்து கொடுக்கலாம். மேல், கீழ்ப் பல்வரிசைகளில் மாட்டிக்கொண்டு படுத்தால் அது கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிப் பிடிக்கும். தாடையோடு நாக்கும் முன்னுக்கு வருவதால் பாதை திறக்கும். இங்கே விடும் பெரிய பிழை நேராகப் பல் வைத்தியரிடம் போய் "குறட்டைக்கு ஒன்று செய்து தாங்கோ" என்று கேட்பது. மூளையே மூச்சுக்குக் கட்டளை அனுப்பாமல் விடும் வகை ஒன்றும் இருக்கிறது. தாடையைத் தள்ளி அதற்குப் பயனில்லை. ஆகவே முதலில் உங்கள் வைத்தியரையோ யாழ். போதனா வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவையோ நாடுங்கள். நித்திரைப் பரிசோதனை செய்து வகையும் அளவும் தெரிந்தபிறகுதான் கருவி. பிள்ளைகளின் குறட்டை என்றால் முதலில் டொன்சில், அடினொயிட் (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) வீக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

கருவிக்கு முன்பு வாயைச் சரிசெய்யாமல் விடுவது இன்னொரு பிழை. அது பற்களைப் பிடித்துத்தான் நிற்கிறது. முரசு வீங்கி இரத்தம் கசிந்தால், பல் ஆடினால், சொத்தை இருந்தால் அவற்றை முதலில் பார்க்கவேண்டும். முழுக்கப் பொய்ப்பல் கட்டியவர்களுக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது. பல் நெரிப்பதற்குக் கொடுக்கும் நைட் கார்டை இதற்கும் போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தாடையை முன்னுக்குத் தள்ளாது. சிலருக்கு மூச்சுத்தடையைக் கூட்டியும் விடும்.

முதல் கிழமையில் எச்சில் ஊறும், தாடை வலிக்கும், காலையில் பல் சரியாகப் பொருந்தாததுபோல இருக்கும். இதற்குப் பயந்து கழற்றி அலுமாரியில் வைப்பவர்களும் உண்டு, கெதியாய்ச் சுகம் வரட்டும் என்று கருவியின் திருகாணியைத் தாங்களே திருகித் தாடையை ஒரேயடியாய் முன்னுக்குத் தள்ளுபவர்களும் உண்டு. தாடையைக் கிழமைக்கணக்கில், சிறிது சிறிதாகத்தான் முன்னகர்த்தவேண்டும். வருடக்கணக்கில் போட்டால் மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம் மாறக்கூடும் என்பதால் வருடத்துக்கு ஒரு தடவையாவது பல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

எல்லாவற்றிலும் பொல்லாத பிழை, சத்தம் நின்றதும் வருத்தமும் நின்றது என்று நினைப்பது. மனுசிக்கு நிம்மதியான நித்திரை கிடைத்துவிட்டது, நல்ல விசயம். ஆனால் குறட்டை அடங்கியபிறகும் மூச்சுத்தடை தொடரலாம். கருவியைப் போட்டுக்கொண்டு திரும்ப ஒரு நித்திரைப் பரிசோதனை செய்தால்தான் எண்ணிக்கை இறங்கியதா என்று தெரியும். பிரஷர் குளிசையைக் கைவிடுவதையும் வைத்தியரிடம் கேட்காமல் செய்யக்கூடாது. ஏதாவது சத்திரசிகிச்சைக்குப் போனால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த வருத்தம் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. குளிர்ந்த தண்ணீரில் மென்மையான தூரிகையால் கழுவினால் போதும். கொதிநீரும் வெயிலில் நிற்கும் காரும் அதை வளைத்துவிடும். வளர்ப்பு நாய்க்கும் எட்டாத இடத்தில் வையுங்கள், எச்சில் மணத்துக்கு அது எடுத்துக் கடித்துக் குதறிவிடும். பிறகு எப்போதாவது பல் அடைக்கவோ புதிதாகப் பல் கட்டவோ போனால் கருவியையும் பெட்டியோடு கொண்டுபோங்கள். புதுப் பல்லுக்கு அது பொருந்துகிறதா என்று அங்கேயே போட்டுப் பார்க்கலாம்.