ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணியின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி? ஹாமில்டனை வைத்து ஒரு வழிகாட்டி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஜூனியர் அணிகள் (பதின்வயது, இருபது வயது வரையிலான ஆட்டக்காரர்களின் அணிகள்) பெயர் மாறும், ஊர் மாறும், சில சமயம் விட்டுப்போன ஊருக்கே திரும்பியும் வரும். ஆகவே பெயரைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். லீக்கில் ஆடும் உரிமம் எந்த ஆண்டு எந்த ஊருக்குப் போனது என்பதைத்தான் பின்தொடர வேண்டும்.

ஹாமில்டன் நகரத்தில் இது நன்றாகத் தெரியும். 1962-இல் கனடாவின் ஜூனியர் சாம்பியனுக்கான மெமோரியல் கோப்பையை வென்றது ஹாமில்டன் ரெட் விங்ஸ். அப்போது என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்) அணிகள் ஜூனியர் அணிகளைத் தத்தெடுத்து நடத்தின; டெட்ராய்ட் ரெட் விங்ஸின் பெயர் இங்கே வந்தது அப்படித்தான். இதே உரிமம் 1974-இல் ஃபின்கப்ஸ் ஆகி 1976-இல் மீண்டும் கோப்பையை வென்றது. பிறகு ஒரு பருவம் செயின்ட் கேத்தரின்ஸ், மறுபடி ஹாமில்டன், 1978-இல் பிரான்ட்ஃபோர்ட் அலெக்சாண்டர்ஸ், 1984-இல் திரும்பவும் ஹாமில்டனில் ஸ்டீல்ஹாக்ஸ், 1988-இல் நயாகரா ஃபால்ஸ் தண்டர். 1996-இல் எல்லை தாண்டி அமெரிக்காவின் ஈரி நகரத்துக்குப் போய் ஆட்டர்ஸ் ஆனது.

1989 முதல் 1991 வரை ஹாமில்டனில் ஆடிய டியூக்ஸ் வேறு உரிமம்: டொரன்டோ மார்ல்பரோஸ் இடம்பெயர்ந்து வந்தது, பின்னர் குவெல்ஃப் ஸ்டார்ம் ஆனது. 2015-இல் வந்த புல்டாக்ஸ் மூன்றாவது. அது பெல்வில் புல்ஸின் உரிமம். அரங்கைப் புதுப்பிக்க மூடியதால் 2023-இல் பிரான்ட்ஃபோர்டுக்குப் போனது. அங்கே முன்பு ஆடிய அலெக்சாண்டர்ஸுக்கும் இதற்கும் ஊர் ஒன்று என்பதைத் தவிர உறவில்லை. பலரும் தடுக்கி விழும் இடம் இன்னொன்று: 1996 முதல் 2015 வரை ஹாமில்டனில் புல்டாக்ஸ் என்றே ஒரு ஏ.எச்.எல். (என்.எச்.எல்.லுக்கு அடுத்த நிலைத் தொழில்முறை லீக்) அணி இருந்தது. அது வயதுவந்த தொழில்முறை ஆட்டக்காரர்களின் அணி. 2007-இல் அது வென்ற கால்டர் கோப்பையை (ஏ.எச்.எல். பட்டம்) ஜூனியர் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஜூனியர் புல்டாக்ஸ் வென்றவை 2018, 2022 ஓ.எச்.எல். (ஒன்டாரியோ ஜூனியர் லீக்) பட்டங்கள்.

ஆகவே எக்செல் தாளில் ஒரு பருவத்துக்கு ஒரு வரி வையுங்கள். பருவம், உரிமம், அணிப்பெயர், ஊர், அரங்கம், லீக், வெற்றி, தோல்வி, சமன், அடித்த கோல், வாங்கிய கோல், பயிற்சியாளர் என்று பத்திகள் போதும். ஆண்டை 1961–62 என்று இரட்டையாகவே எழுதுங்கள். ஒற்றை ஆண்டாக எழுதினால் வசந்தத்தில் நடந்த கோப்பை அடுத்த பருவத்தில் போய் உட்கார்ந்துவிடும். ‘உரிமம்’ பத்திக்கு அ, ஆ, இ என்று எழுத்துக் குறி கொடுத்துவிட்டால் ஊர் வாரியாகவும் உரிமம் வாரியாகவும் தனித்தனியே பிரித்துப் பார்க்கலாம். இரண்டும் வேண்டும்: கிளப்புகள் தங்கள் கதையைப் பெரும்பாலும் தற்போதைய ஊரிலிருந்தே தொடங்குகின்றன, ரசிகர்களோ ஊரின் கதையைக் கேட்கிறார்கள்.

பழைய பத்திரிகையில் எடுத்த புள்ளிப்பட்டியலை அப்படியே நம்பக் கூடாது. லீக்கின் எல்லா அணிகளும் அடித்த கோல்களைக் கூட்டுங்கள். வாங்கிய கோல்களின் கூட்டுத்தொகையோடு அது ஒத்துப்போக வேண்டும். வெற்றிகளும் தோல்விகளும் அப்படியே. ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ அச்சுப்பிழை. அடுத்த வாரப் பட்டியலைப் பாருங்கள். கூடுதல் நேரத் தோல்விக்குத் தனிப் பத்தி இருக்கும் பருவங்களில் அதையும் தோல்வியோடு சேர்த்துக் கூட்டினால்தான் கணக்கு நேராகும்.

கோப்பை விவரம் எழுதும்போது இரண்டு ஆண்டுகளை மனத்தில் வையுங்கள். 1919-இல் தொடங்கிய மெமோரியல் கோப்பை 1971 வரை கிழக்கு, மேற்கு அணிகளின் நேரடி மோதல். 1972 முதல் கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளின் வெற்றியாளர்கள் ஆடும் போட்டி. 1983 முதல் போட்டியை நடத்தும் ஊரின் அணியும் சேர்ந்தது. அதனால் ‘இறுதிக்கு வந்தது’ என்ற சொல் எல்லாக் காலத்துக்கும் ஒரே பொருள் தராது.

கடைசியாக ஆட்டக்காரர் பட்டியலைப் பிறந்த ஆண்டோடு ஒப்பிடுங்கள். இன்றைய ஓ.எச்.எல்.லில் வழக்கமான வயது 16 முதல் 20. அதற்கு வெளியே ஒருவர் தெரிந்தால் முதலில் பெயர்க் குழப்பத்தைச் சந்தேகியுங்கள். ஆனால் 2012-இல் ஈரிக்கு வந்த கானர் மெக்டேவிட் போல, சிறப்பு அனுமதியோடு 15 வயதிலேயே சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களைப் பிழை என்று அடித்துவிடாமல் அனுமதியையும் குறித்து வையுங்கள்.