ஃப்ளூ பரவும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறீர்களா?

சளி, இருமல், தொண்டைக் கரகரப்பு எது இருந்தாலும் போகாதீர்கள். வீடியோ காலில் பேசுங்கள். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை அடக்கிவிட்டுப் போவது கூடவே கூடாது. மாத்திரை உடம்புச் சூட்டைத்தான் குறைக்கும், உங்களிடமிருந்து கிருமி பரவுவதைத் தடுக்காது. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்தாலும், கீமோதெரபி எடுப்பவர், பச்சைக்குழந்தை இவர்களிடம் இருமல் முழுதாக நிற்கும்வரை போக வேண்டாம்.

மாஸ்க்கை வார்டு வாசலில் அல்ல, ஆஸ்பத்திரி கேட்டிலேயே போட்டுவிடுங்கள். இருமுகிறவர்கள் ஓபி வரிசையிலும் லிஃப்டிலும் இருப்பார்களே! மூக்குக் கம்பியை நன்றாக அழுத்துங்கள். பேசுவதற்காகத் தாடைக்கு இறக்கினால் போட்டதே வீண்.

நோயாளியின் கட்டிலில் உட்காராதீர்கள். வார்டுக்குள் நுழையும்போதும் வெளியே வந்ததும் சானிடைசரை உள்ளங்கை நிறைய எடுத்து, விரல் நுனி, கட்டைவிரல், விரலிடுக்கு விடாமல் 20 முதல் 30 வினாடி, தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும். பலர் ஈரத்தைச் சேலையிலோ பேண்ட்டிலோ துடைத்துவிடுகிறார்கள். அப்போது கிருமி சாக நேரமே கிடைப்பதில்லை. கையில் அழுக்கு தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான்.

ஒருவர் மட்டும் போய் பத்து நிமிடத்தில் திரும்புங்கள். குழந்தைகள் வீட்டிலேயே இருக்கட்டும். வெளியே வந்தபின் மாஸ்க்கின் முன்பக்கத்தைத் தொடாமல், காது நாடாவைப் பிடித்துக் கழற்றி மூடியுள்ள தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள்.