மழை வெறிச்ச பிறகு கோழியைக் காப்பது எப்படி

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செத்த கோழியைவிட, மழை வெறிச்ச பிறகு செத்த கோழிதான் எங்கள் திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல் பக்கம் அதிகம். கொட்டுகிற மழையில் கோழி கூட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்து தப்பித்துவிடும். மார்கழியில் வெயில் எட்டிப் பார்த்ததும் நாம் அசந்துவிடுவோம். அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் கழிச்சல், அம்மை, செல்லு (கோழி மேல் ஏறி ரத்தம் குடிக்கிற பூச்சி) எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். புறவாசலில் பத்துப் பன்னிரண்டு சிறுவிடைக் கோழி (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) வைத்திருக்கிறவர்களுக்காக, அந்த நாட்களை எப்படித் தாண்டுவது என்று எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, தாமிரபரணியில் கரை கொள்ளாத வெள்ளம். எங்கள் தெருவில் கோழிகளை மச்சில் ஏற்றிப் பஞ்சாரம் கவிழ்த்துக் காப்பாற்றினோம். தண்ணீர் வடிந்தபோது முக்கால்வாசிக் கோழி உயிரோடுதான் இருந்தது. ஈரக் கூட்டிலேயே திரும்ப அடைத்த வீடுகளில் பொங்கலுக்குள் கூடு காலியானது. கூட்டைக் காயப்போட்டு உமி மாற்றிய வீடுகளில் கோழி நின்றது. நான் இங்கே சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

குளிரைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். இறகு காய்ந்திருக்கிற பெரிய கோழிக்கு அது குளிரே இல்லை. காலுக்கடியில் கிடக்கிற ஈரம்தான் எமன். ரத்தக்கழிச்சல் கிருமி ஈர எச்சத்தில்தான் முற்றித் தொற்றுகிற பதத்துக்கு வரும். ஈர எச்சத்திலிருந்து கிளம்புகிற காரநெடி மூச்சுக்குழலை அரிக்கும். தேங்கின தண்ணீரில் கொசு பெருகி அம்மையைக் கோழிக்குக் கோழி கொண்டுபோகும். ஆகவே செலவழிக்கிற காசும் நேரமும் முதலில் தரைக்குப் போகட்டும்.

தரை வேலையைப் புரட்டாசியிலேயே தொடங்குங்கள். கார் நெல் அறுவடை முடிந்து ரைஸ்மில்லில் உமி குவிந்திருக்கும் நேரம் அது. ஆறடிக்கு நாலடிக் கூட்டுக்கு, மாற்றுவதற்கும் சேர்த்து அஞ்சாறு சாக்கு வேண்டும். "அண்ணாச்சி, தவிடு கலக்காத உமியா குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். தவிடு கலந்தால் ஈரம் பட்டதும் பூசணம் பிடிக்கும். சாக்கைத் தரையில் வைக்காமல் பலகை போட்டு அடுக்குங்கள். அப்படியே கூட்டைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, தண்ணீர் தெருப்பக்கம் ஓடுகிற மாதிரி சரிவு கொடுங்கள். கூட்டின் தரை வெளித்தரையைவிட ஒரு அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். வயலை ஒட்டின வீடாக இருந்தால் களிமண் தண்ணீரை விடாது. சரள் அடித்து, அதன்மேல் செம்மண் போட்டு இடித்து உயர்த்துங்கள்.

உமி மூன்று விரல் கனத்துக்கு இருக்கட்டும். தினம் காலையில் ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் தூவிக் கிளறலாம், தூசி அடங்கின பிறகு கோழியை விடுங்கள். உமி கெட்டுவிட்டதா என்று பார்க்க, பொழுது விடிகிறபோது கூட்டுக்குள் கை விட்டு, கோழி ராத்திரி உட்காருகிற கம்புக்கு நேர் கீழே ஒரு பிடி உமியை அள்ளி இறுக்குங்கள். விரலை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்றால் அன்றைக்கே அந்த இடத்தை வாரி எரு குழியில் போட்டுவிட்டுப் புது உமி போட வேண்டும். பிறகு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து, கோழியின் தலை உயரத்துக்கு உங்கள் மூக்கைக் கொண்டுபோய் மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும்போது தெரியாத நெடி அங்கே கண்ணைக் கரிக்கும். ராத்திரி முழுக்க அதைத்தான் அவை சுவாசித்திருக்கின்றன.

தகரக் கூரை போட்டவர்கள் மார்கழியில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மழையே இல்லாத ராத்திரியிலும் பனி இறங்கித் தகரத்தின் அடிப்பக்கம் வேர்த்துச் சொட்டும். உமி எப்படி நனைந்தது என்று புரியாமல் முழிப்பார்கள். தகரத்துக்குக் கீழே பனையோலையை நெருக்கிக் கட்டிவிட்டால் சொட்டு நிற்கும். வாடை அடிக்கிற வடக்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் சாக்குப் படுதா தொங்கவிடுங்கள். மேலே ஒரு முழம் திறந்தே இருக்கட்டும். நாலு பக்கமும் அடைத்துப் பெட்டியாக்கிவிட்டால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் போகும். கிழக்குப் படுதாவை எட்டு மணிக்குச் சுருட்டிக் கட்டிவிட்டால் இளவெயில் உள்ளே விழுந்து உமியைக் காயவைக்கும்.

அந்த எட்டு மணிதான் மார்கழியில் கோழியைத் திறக்கிற நேரமும். புல் நுனியில் பனி இருக்கும்போதே விட்டால், மண்புழுவையும் நத்தையையும் கொத்தி, அவற்றின் வயிற்றில் இருக்கிற குடற்புழுவையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். அதுவரை உள்ளேயே ஒரு கை குருணை போட்டால் கத்தாது. மழைக்காலம் முடிந்ததும் குடற்புழு மருந்து ஒரு தடவை கொடுத்தே ஆக வேண்டும். கால்நடை மருந்தகத்தில் கோழியின் எடையைச் சொல்லி அளவு கேட்டுக் கொடுங்கள். குட்டைத் தண்ணீரைக் குடிக்கவிடக் கூடாது என்றால், திறந்ததும் வாசலிலேயே நல்ல தண்ணீர் நிற்க வேண்டும். தாகம் தீர்ந்த கோழி சாக்கடையைத் தேடாது.

செல்லைப் பற்றி ரொம்பப் பேர் யோசிப்பதில்லை. கோழி மண்ணில் குழி பறித்துப் புரளுவது உடம்புப் பூச்சியை உதற. மழைக்காலத்தில் காய்ந்த மண்ணே கிடைக்காமல் அது குளிக்க முடியாமல் போகிறது. அதனால்தான் மார்கழியில் செல்லு பெருகுகிறது. ஒரு பழைய டயரையோ ஓட்டை அன்னக்கூடையையோ தாழ்வாரத்தில் வைத்து, அடுப்புச் சாம்பலும் காய்ந்த மணலும் பாதிக்குப் பாதி போட்டு, நிழலில் உலர்த்தின வேப்பிலையை நொறுக்கிக் கலந்துவிடுங்கள். தானே வந்து புரளும். செல்லு இருக்கிறதா என்று ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். பகலில் இடுக்கில் ஒளிந்திருக்கும், ராத்திரிதான் ரத்தம் குடிக்க ஏறும். கம்பு சுவரில் சேருகிற முனையில் மிளகுப்பொடி சிந்தினது போல ஊர்ந்தால் அதுதான். கம்பைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, வெயிலில் போட்டு, வேப்பெண்ணெய் தடவி மாட்டுங்கள்.

தீனியில் ஒரே எச்சரிக்கை. பூசணம் பிடித்த சோளம், கட்டி கட்டின கடலைப் புண்ணாக்கு, நமுத்த கம்பு எதையும் "கோழிதானே" என்று போடாதீர்கள். அந்தப் பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கழுவினாலும் காயவைத்தாலும் போகாது. குழிக்குத்தான் போட வேண்டும். நாலு நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். முருங்கைக்கீரை தாராளமாகப் போடலாம். கரையான் கட்டுவதைத் தையில் வைத்துக்கொள்ளுங்கள். பானையில் சாணியும் வைக்கோலும் சாக்குத்துண்டும் நனைத்து வைத்து, சாயங்காலம் மண்மேல் கவிழ்த்தால் காலையில் குஞ்சுக்கு நல்ல தீனி. மண் சதசதவென்று இருக்கும்போது கரையான் ஏறாது.

இனி நோய். வெள்ளைக்கழிச்சல் வந்த பிறகு வைத்தியம் கிடையாது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு இரைக்கும், கழுத்து முறுக்கும். தடுப்பூசி மட்டும்தான் வழி. பொரித்த 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் லசோட்டா என்கிற தடுப்பு மருந்து, எட்டாவது வாரம் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும், கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊர் ஊராக இந்தத் தடுப்பூசிக்குக் கோழிக்கழிச்சல் முகாம் போடும். அன்றைக்குக் கோழியைத் திறந்துவிடாமல் அடைத்து வையுங்கள். ஏற்கெனவே தூங்கி விழுகிற கோழிக்குப் போடாதீர்கள்.

அம்மை அப்படி இல்லை, பொறுமை இருந்தால் பிழைக்கும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வந்து கறுத்துப் பொருக்குக் கட்டும். பொருக்கைப் பிய்க்காதீர்கள், ரத்தம் வந்து இன்னும் பரவும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். கண் மூடிக்கொண்ட கோழி நோயைவிடப் பசியில்தான் சாகும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைத்து, சோற்றைப் பிசைந்து கையால் ஊட்ட வேண்டும். மூன்று நாலு வாரத்தில் தேறிவிடும். எங்கள் அத்தை இதில் கெட்டிக்காரி. "ஏளா, அந்தக் கருப்பி இரைக்கு ஓடிவரல, பாத்தியா?" என்பாள். நோய் வெளியே தெரிவதற்கு முதல் நாளே தெரிகிற ஒரே அடையாளம் அதுதான்: இரை போட்டதும் எது ஓடி வரவில்லை. அதைத் தனியாகப் பஞ்சாரத்தில் அடையுங்கள்.

குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் கண்டால் மருந்தகத்தில் மருந்து வாங்கித் தண்ணீரில் கொடுப்பதோடு, அன்றே உமியை முழுக்க மாற்ற வேண்டும். மாற்றாமல் மருந்து மட்டும் கொடுப்பது வீண். போக முடியாதவர்கள் 1962க்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை வண்டி வரும். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. செத்த கோழியை வாய்க்காலில் வீசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. கீழே இருக்கிற ஊர்களுக்கெல்லாம் நோயை அனுப்புகிறார்கள். மூன்றடி குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். சந்தையில் வாங்கின கோழியை மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்த்துவிட்டு மற்ற கோழிகளோடு சேர்த்துவிடுங்கள். நோய் கண்ட வீட்டிலிருந்து மலிவாகத் தள்ளிவிடுகிற கோழி சந்தைக்குத்தான் வரும்.

வீட்டுப்பாட்டுக்கு நடுவே இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று கேட்பார்கள். நான் பீடி சுற்றுகிறவள். தட்டை மடியில் வைத்துவிட்டால் அடிக்கடி எழுந்திருக்க முடியாது. அதனால் கோழி வேலையைத் தட்டு எடுப்பதற்கு முன்னாலும், கடைக்குப் பீடி கொடுத்துவிட்டு வந்த பிறகுமாக இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். காலையில் கிளறல், தண்ணீர், எச்சம் பார்ப்பது. சாயங்காலம் இரை, தலை எண்ணுவது, கீரியும் மரநாயும் நுழையாமல் கதவுக் கொண்டி போடுவது. பீடி சுற்றுகிற வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தூள் சிந்தின முறத்தையும் தட்டு கழுவின தண்ணீரையும் கோழி அண்டும் இடத்தில் கொட்டாதீர்கள். புகையிலை கோழிக்கு நஞ்சு.

துஷ்டி (சாவு) வீட்டுக்கோ கல்யாணத்துக்கோ இரண்டு நாள் போக வேண்டி வந்தால், பக்கத்து வீட்டு மயினியிடம் சாவியைக் கொடுக்கும்போது இரையைவிடத் தண்ணீரையும் கொண்டியையும் பற்றிச் சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் வீட்டுக் கீரைப் பாத்தியை நம் கோழி கிளறினால் சண்டைதான் வரும், அந்தப் பக்கம் வலை கட்டுவது நம் பொறுப்பு. நாலு முட்டை கொடுப்பதும் நல்லதுதான்.

கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போடுவதால் கறிக்கோழி விலை இறங்கும். அப்போது சேவலை அவசரப்பட்டு விற்காதீர்கள். அடை வைப்பதையும் ஈரத்தையும் விலையையும் பார்த்தே கணக்குப் போடலாம். அடைமழையில் வைத்தால் குஞ்சு ஈரத்தில் பிறந்து ரத்தக்கழிச்சலில் போகும். மார்கழிக் கடைசியில், ஈரம் வாங்கின பிறகு, ஒரு சிறுவிடைக்குப் பத்து முட்டை வையுங்கள். ஏழாம் நாள் ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் பார்த்துக் கூமுட்டையை எடுத்துவிடுங்கள். 21ஆம் நாள் பொரிக்கும். தாய் இல்லாத குஞ்சுக்குப் பல்பு போடுகிறவர்கள் குண்டு பல்புதான் போட வேண்டும், எல்.இ.டி.யில் சூடு வராது. குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஓடினால் அதிகம், பரவலாகப் படுத்தால் சரி. தையில் பொரித்த சேவல் ஆடிக்கு அஞ்சு மாதம் நிறைந்து கோயில் கொடைக்கு (ஊர்க் கோயில் திருவிழாவுக்கு) தயாராகிவிடும். ஆடிக் கொடை நேரத்தில் நாட்டுச் சேவலைத் தேடி ஆள் வீட்டுக்கே வரும்.