ஊட்டச்சத்துக் கல்வியாளர் வேலைக்குத் தயாராவது எப்படி

எந்த உணவில் புரதம் இருக்கிறது, எதில் இரும்புச்சத்து இருக்கிறது என்று ஒப்பிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. சமூக ஊட்டச்சத்துக் கல்விக்கு ஆள் எடுப்பவர்கள் தேடும் திறமை வேறு. ஒரு குடும்பம் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். அவர்கள் அடுப்படியில் நாளைக்கே மாற்ற முடிந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைச் செய்து பார்க்கவும் வைக்க வேண்டும். படிப்பு, சான்றிதழ், நேர்முகத் தேர்வு எல்லாவற்றுக்கும் இதை மனதில் வைத்தே தயாராகுங்கள்.

எந்தப் படியில் நுழைவது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டயட்டீஷியன் நோயாளிக்கு உணவுத் திட்டம் எழுதுபவர். பல நாடுகளில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவே பதிவும் உரிமமும் வேண்டும். கல்வியாளரின் களம் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், பள்ளி மாணவர்கள், முதியோர், இவர்களுக்குச் சமைத்துப் போடுபவர்கள். சிறுநீரக நோய், இன்சுலின் போடும் சர்க்கரை நோய், உணவை அடியோடு ஒதுக்கும் மனநலச் சிக்கல் போன்றவை எதிர்ப்பட்டால் அவர் ஆலோசனை சொல்லக் கூடாது, மருத்துவரைப் பார்க்கச் சொல்லிப் பரிந்துரைச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். இந்த எல்லை எங்கே என்று தெரியாதவரை யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

வேலை தருபவை பெரும்பாலும் அரசின் தாய்-சேய் நலத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், பள்ளிகள், மருத்துவமனைகளின் சமூகப் பிரிவுகள், வேளாண் விரிவாக்கத் துறைகள். படிகள் மூன்று. அடிப்படையில் களப்பணியாளர் அல்லது தன்னார்வலர்: பள்ளிப்படிப்பும் உள்ளூர்ப் பழக்கமும் போதும். அடுத்தது கல்வியாளர் அல்லது மேற்பார்வையாளர்: ஊட்டச்சத்தியல், மனையியல், செவிலியம், சமூகப்பணி, பொது சுகாதாரம் இவற்றில் ஒரு பட்டம் அல்லது டிப்ளமோ கேட்பார்கள். அதற்கு மேல் திட்ட அலுவலர், பயிற்றுநர், கண்காணிப்பு அலுவலர். பட்டம் கையில் இருந்தாலும் சில மாதமாவது அடிப்படைப் படியில் நிற்பது நல்லது. வீடுவீடாகப் போகாத மேற்பார்வையாளரைக் களப்பணியாளர்கள் ஒரே வாரத்தில் எடைபோட்டுவிடுவார்கள்.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது

கேட்பதற்கு எளிதாகத் தெரியும், செய்யும்போதுதான் கஷ்டம் புரியும். 24 மணி நேர உணவு நினைவுகூரல் என்பது இந்தத் தொழிலின் அடிப்படைக் கருவி. இதை ஐந்து சுற்றாகக் கேட்பது வழக்கம்.

முதல் சுற்றில் குறுக்கிடாமல் பட்டியல் மட்டும்: "நேத்து காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கப் போற வரைக்கும் சாப்பிட்டது, குடிச்சது எல்லாம் சொல்லுங்க." இரண்டாவது சுற்றில் மறந்துபோனவை: பானங்கள், நொறுக்குத் தீனி, குழந்தை தட்டில் மிச்சம் வைத்ததைத் தாய் சாப்பிட்டது. மூன்றாவதில் ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்கு, எந்த வேளையில் சாப்பிட்டார் என்பது. நான்காவதில் என்னென்ன சேர்த்துச் செய்தது, எவ்வளவு என்ற விவரம். ஐந்தாவதில் முழுவதையும் படித்துக்காட்டி, விட்டுப்போனது ஏதும் உண்டா என்று கேட்பது.

அளவு கேட்கும்போது "ஒரு கரண்டி" என்ற பதிலை அப்படியே எழுதினால் கணக்கு கோணலாகிவிடும். அந்த வீட்டுக் கரண்டியை வாங்கி, தண்ணீர் நிரப்பி, அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். ஒரு வீட்டுக் கரண்டி 50 மி.லி. என்றால் அடுத்த வீட்டில் 120 மி.லி. இருக்கும். குழந்தைக்கு என்றால் பரிமாறியதிலிருந்து மீதி வைத்ததையும் சிந்தியதையும் கழிக்க வேண்டும்.

இதில் அதிகம் நடக்கும் தவறு, பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது. "காலையில பால் குடிச்சீங்களா?" என்றால் குடிக்காதவரும் தலையாட்டுவார். இரண்டாவது, முகம். இனிப்புப் பானம் என்று அவர் சொன்னதும் உங்கள் புருவம் உயர்ந்தால், அதன்பிறகு வருவதெல்லாம் உங்களுக்குப் பிடித்த பதில்கள்தான். மூன்றாவது, விருந்து நாளையோ நோய் கண்ட நாளையோ வழக்கமான நாளாக எழுதிவிடுவது. "நேத்து வழக்கமான நாள்தானா?" என்று ஒரு வரி கேட்டாலே போதும். ஒரு நாளின் பதிவு ஒருவரின் வழக்கத்தைச் சொல்லிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அறிவுரையை ஒன்றாகக் குறைப்பது

யுனிசெஃப் பயிற்சிகளில் குழந்தை உணவு ஆலோசனையை மூன்று படியாகச் சொல்லித் தருகிறார்கள்: நிலையை அறி, அலசு, செயல்படு. புதியவர்கள் மூன்றாவது படிக்குத் தாவிவிடுவார்கள் என்பதுதான் பிரச்சினை.

ஓர் உதாரணம். பத்து மாதக் குழந்தை. தாய்ப்பால் குடிக்கிறது. தண்ணீர் போன்ற கஞ்சி ஒரு நாளைக்கு இரண்டு வேளை. இங்கே குறைகள் மூன்று. 9 முதல் 23 மாதம் வரை ஒரு நாளைக்கு 3-4 வேளை துணை உணவு வேண்டும், இது இரண்டுதான். கஞ்சி நீர்த்திருக்கிறது. முட்டை, பருப்பு, காய், பழம் எதுவும் இல்லை. மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் தாய் தலையாட்டுவார், ஒன்றும் நடக்காது.

முதலில் எதை எடுப்பது? எங்கள் கணிப்பில், கெட்டித்தன்மையை. அதற்குக் கூடுதல் காசு வேண்டாம், கூடுதல் நேரமும் வேண்டாம், பார்த்த உடனே சரிபார்க்கவும் முடியும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடக் கூடாது, ஒட்டி நின்று மெல்ல விழ வேண்டும். குழந்தையின் வயிறு சிறியது, அதில் தண்ணீரை நிரப்பினால் சத்துக்கு இடம் இருக்காது. இதை வாயால் சொல்லிவிட்டு வராமல், அவர் சமைத்த கஞ்சியையே அவர் கரண்டியால் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு, "குட்டிக்குக் கொஞ்சம் கெட்டியாக் கொடுத்துப் பாக்கலாமாம்மா? உங்களுக்கு இதுல என்ன சிரமம் இருக்கும்?" என்று கேளுங்கள். உண்மையான தடை இங்கேதான் வெளிவரும். தொண்டையில் சிக்கிவிடும் என்று பாட்டி பயப்படுவார். அப்படியானால் அடுத்த முறை பேச வேண்டியது பாட்டியிடம். சமையலையும் செலவையும் யார் தீர்மானிக்கிறார்களோ அவர் இல்லாத சந்திப்பு பாதிச் சந்திப்புதான்.

அடுத்த வருகையின் தேதியைச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். மறுபடி போகும்போது "செஞ்சீங்களா?" என்று கேட்டால் "ஆமாம்" என்ற பதில் தயாராக இருக்கும். "செஞ்சு பாத்தப்ப எப்படி இருந்தது?" என்று கேட்டால் நடந்தது தெரியும்.

குழுக் கூட்டம்

பதினைந்து பேருக்கு மேல் சேர்த்தால் அது சொற்பொழிவாகிவிடும். 40 நிமிடம் போதும். போன முறை ஏற்றுக்கொண்டதைச் செய்து பார்த்தது பற்றி 5 நிமிடம், ஒரு கேள்வியில் தொடக்கம் 5, செயல்விளக்கம் 15, தடைகளைப் பேசுவது 10, ஒவ்வொருவரும் எதைச் செய்து பார்க்கப் போகிறார் என்று வாய்விட்டுச் சொல்வது 5. நேரம் இடித்தால் வெட்ட வேண்டியது உங்கள் பேச்சை. கடைசி ஐந்து நிமிடத்தில் கைவைக்காதீர்கள்.

செலவில்லாத ஒரு செயல்விளக்கம் உப்புக் கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் மாதம் ஒரு கிலோ தீர்ந்தால் 1000-ஐ 30-ஆல் வகுத்து, மறுபடி 4-ஆல் வகுக்க வேண்டும்: தலைக்கு 8 கிராமுக்கு மேல். அவரவர் வீட்டுக் கணக்கை அவரவரே போடட்டும். சமைத்த தண்ணீரோடு வீணாகும் உப்பை இந்தக் கணக்கு கழிப்பதில்லை, வெளியே வாங்கித் தின்னும் பண்டங்களில் உள்ள உப்பு இதில் சேருவதும் இல்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். இது தோராயக் கணக்கு, ஆனாலும் போஸ்டரைவிட நன்றாக வேலை செய்யும்.

சமைத்துக் காட்டுகிறீர்கள் என்றால், கிளறுவது அவர்கள் கையாக இருக்கட்டும். தொடங்கும் முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஒவ்வாமை உண்டா என்று கேட்க வேண்டும். சமைத்ததை அறைவெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துவிட்டுப் பரிமாறக் கூடாது. அந்தக் குடும்பங்களால் வாங்க முடியாத ஒரு பொருளைச் சேர்த்தீர்களானால் அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

அளவெடுப்பு

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மேற்கைச் சுற்றளவை நாடா வைத்து எடுப்பது எல்லாக் களப்பணியிலும் வரும். இடது கை. முழங்கையை மடக்கி, தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியைக் குறிக்க வேண்டும். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் நாடாவைச் சுற்ற வேண்டும். 115 மி.மீ.க்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு, அன்றே மருத்துவமனைக்குப் பரிந்துரை. 115 முதல் 125-க்குள் என்றால் மிதமானது. நடுப்புள்ளியைக் கண்ணால் மதிப்பிடுவதும், கை மடங்கியிருக்கும்போதே படிப்பதும், சதை பிதுங்கும்படி நாடாவை இறுக்குவதும் வழக்கமான பிழைகள். இறுக்கினால் அளவு குறைந்து நல்ல குழந்தை மெலிந்ததாகத் தெரியும். தொளதொளவென்று விட்டால் மெலிந்த குழந்தை தப்பிவிடும். இரண்டாவதுதான் ஆபத்து. நாடா என்ன சொன்னாலும், இரண்டு பாதங்களிலும் விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தால் தாமதிக்காமல் அனுப்புங்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே நீளத்தைப் படுக்கவைத்து எடுக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். மாற்றி எடுக்க நேர்ந்தால் 0.7 செ.மீ. திருத்தம் உண்டு: நின்று எடுத்த அளவோடு கூட்டுவது, படுத்து எடுத்ததிலிருந்து கழிப்பது.

விண்ணப்பத்தோடு கொண்டுபோக வேண்டிய கோப்பு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தேர்வுக் குழுவுக்கும் தெரியும். மதிப்பெண் பட்டியலோடு ஒரு மெல்லிய கோப்பும் இருக்கட்டும். அதில் ஒரு பக்கத்தில் அடங்கும் பாடத்திட்டம் ஒன்று. பெயரும் அடையாளமும் நீக்கிய ஓர் உணவு நினைவுகூரல் தாள். அனுபவசாலி ஒருவரும் நீங்களும் அதே குழந்தைகளைத் தனித்தனியாக அளந்து ஒப்பிட்ட தாள். நீங்களே உருவாக்கிய படவிளக்கம் ஒன்று. அந்தப் படத்தோடு அதைச் சோதித்த குறிப்பும் வேண்டும்: எழுத்தை மறைத்து ஐந்தாறு பேரிடம் காட்டி "இதுல என்ன தெரியுது?" என்று கேட்டு, வந்த பதில்களை அப்படியே எழுதி, அதன்படி எதை மாற்றினீர்கள் என்பது. இந்தக் குறிப்பு உள்ள விண்ணப்பங்கள் அரிது. தனியாக எடுத்துவைக்கப்படும்.

நேர்முகத்தில் பெரும்பாலும் பத்து நிமிடம் பாடம் எடுக்கச் சொல்வார்கள். வாயைத் திறந்ததும் நீங்கள் முதலில் கேள்வி கேட்கிறீர்களா, விளக்கத் தொடங்குகிறீர்களா என்பதைத்தான் கவனிப்பார்கள். சூழ்நிலைக் கேள்விகளும் வரும். மூன்று மாதக் குழந்தைக்குப் பாட்டி தண்ணீர் கொடுக்கிறார், என்ன செய்வீர்கள்? ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்ற விதியை ஒப்பித்தால் பாதி மதிப்பெண்தான். பாட்டி ஏன் கொடுக்கிறார் என்று முதலில் கேட்பேன் என்று தொடங்குங்கள், பிறகு தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதற்கு வாருங்கள். ஒரு நிறுவனம் இலவசப் பால்பவுடர் மாதிரிகளைத் தருகிறது, உங்கள் கூட்டத்தில் கொடுப்பீர்களா? கூடாது. தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களை விற்பனை செய்வது பற்றி 1981-இல் வந்த சர்வதேச நெறிமுறை, தாய்மாருக்கு மாதிரிகள் கொடுப்பதைத் தடுக்கிறது. இது தெரியாமல் நேர்முகத்துக்குப் போகாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன்

இந்தத் துறையில் வேலைகள் பெரும்பாலும் நிதி வரும் காலம் வரை மட்டுமே. ஒப்பந்தம் எத்தனை மாதம், பயணச் செலவு யாருடையது, வேலையில் எவ்வளவு நேரம் பதிவேடுகளுக்குப் போகும் என்று கேட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம், ஒருவருக்கு எத்தனை வீடுகள் என்பது. அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் குழுவாகக் கற்று வீடுவீடாகப் போய்ச் சொல்லும் பராமரிப்புக் குழு முறை 1995-இல் மொசாம்பிக்கில் தொடங்கியது; அதில் ஒரு தன்னார்வலருக்கு 10 முதல் 15 வீடுகள்தான். முழுநேர ஊழியர் அதைவிட அதிகம் பார்க்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒருவர் தலையில் கட்டி, மாதாமாதம் ஆலோசனையும் வேண்டும் என்றால் அங்கே நடப்பது கையெழுத்து வாங்கும் வேலை.

மேல்படிக்குப் போக நினைப்பவர்கள் எண்களோடு பழக வேண்டும். பெண்களுக்கு 10 உணவுக் குழுக்களில் 5, ஆறு முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு 8-இல் 5 (தாய்ப்பாலும் ஒரு குழு) என, முந்தைய நாளில் குறைந்தது இத்தனை வகை உணவாவது சாப்பிட்டார்களா என்று பார்க்கும் குறைந்தபட்ச உணவுப் பன்மைக் குறியீடுகளைக் கணக்கிட்டு, ஒரு பக்க அறிக்கை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு முன்னும் பின்னும் வைக்கும் அறிவுத் தேர்வில் மதிப்பெண் ஏறியதை மட்டும் வெற்றியாகக் காட்டும் அறிக்கைகள் ஏராளம். தட்டில் என்ன மாறியது என்று காட்டத் தெரிந்தவருக்கு ஒப்பந்தம் முடிந்த பிறகும் அடுத்த இடம் கிடைக்கும்.