போட்டி நாளில் மட்டும் வரும் வலி: இளம் வீரர்களின் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

மாவட்டப் போட்டிக்குப் புறப்படும் காலையில் மட்டும் மகளுக்குக் கணுக்கால் வலிக்கிறது என்றால், முதலில் கணுக்காலை மருத்துவரிடம் காட்டுங்கள். நடிக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல், அடுத்த போட்டியன்றும் அதே வலி திரும்பினால், வலி பொய்யல்ல, அதன் வேர் மனத்தில் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். காலில் அடிபட்டால் ஓய்வு கிடைக்கும், பயத்துக்குக் கிடைக்காது என்பதை மைதானத்தில் பிள்ளைகள் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள்.

தோற்ற அன்று அழுவது இயல்பு; சில நாளில் தெளிந்துவிடும். ஆனால் தூக்கம் கெடுவது, தட்டில் பாதிச் சோறு மிஞ்சுவது, விரும்பி விளையாடிய பிள்ளை பயிற்சிப் பையைத் தொடவே தயங்குவது ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால், ஆலோசனை பெறுவதைத் தள்ளிப்போடாதீர்கள். நெடுந்தூர ஓட்டம், ஜிம்னாஸ்டிக்ஸ், மல்யுத்தம் போல உடல் எடையைக் கணக்குப் பார்க்கும் விளையாட்டுகளில், பெண் பிள்ளைக்கு மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால், அதைக் கடும் பயிற்சியின் அடையாளமாகக் கருதாமல், செலவாகும் ஆற்றலுக்கு ஏற்ற உணவு உள்ளே போகவில்லையோ என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

பிள்ளையின் மனம் அதிகம் நோவது போட்டி முடிந்து திரும்பி வரும் பேருந்தில்தான். கடைசி ஐம்பது மீட்டரில் ஏன் வேகம் குறைந்தது, ஸ்பைக்ஸ் ஷூ என்ன விலை, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் என்னாகும் என்ற பேச்செல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, போட்டியைப் பற்றிப் பிள்ளையே வாய் திறக்கும்வரை பேசாதிருங்கள். ஆட்டத்தை அலசுவது பயிற்சியாளரின் வேலை. அதையும் மறுநாள் வைத்துக்கொள்ளும்படி அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மனத்துக்கு உதவி தேடுவது பலவீனம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2024 உலக சதுரங்கப் போட்டியில் அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரெனிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்று, பின்னர் 18 வயதில் பட்டம் வென்ற சென்னையின் குகேஷ், அந்தப் போட்டிக்காக மனப் பயிற்சியாளர் பேடி அப்டனுடன் சேர்ந்து தயாரானார். ஆயினும் மனப் பயிற்சியாளர் வேறு, மனநல மருத்துவர் வேறு. மனச்சோர்வுக்கு ஊக்கப் பேச்சு மருந்தாகாது.

"இருந்து என்ன பயன்" என்பதுபோலப் பிள்ளை பேசினால், உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வருகிறது என்றால் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வழிகாட்டுதலுக்கு அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416 இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழிலும் கிடைக்கிறது. மற்ற நேரங்களில், பயிற்சியாளரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்பதைப் பிள்ளையிடம் கேட்ட பிறகே அவரிடம் பேசுங்கள்.