ஸ்போர்ட் பைக்கை விற்றபோது சந்தேகத்தைத் தீர்த்த விதம்

நன்றாகப் பராமரித்த என் ஸ்போர்ட் பைக்கைப் பார்க்க வந்தவர்கள், அதைப் பாராட்டிவிட்டு அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். இத்தகைய வண்டி கண்டபடி முறுக்கப்பட்டிருக்கும், ஒருமுறையாவது விழுந்திருக்கும் என்ற சந்தேகமே அதற்குக் காரணம், அது நியாயமானதும்கூட.

ஆகவே பளபளப்பைக் காட்டுவதை விட்டு, சந்தேகம் எழும் இடங்களையே முதலில் காட்டத் தொடங்கினேன். எஞ்சின் குளிர்ந்திருப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, பிறகு அவர்களையே ஸ்டார்ட் செய்ய வைத்தேன். சூடான எஞ்சின் மறைத்துவிடக்கூடிய புகையும் எஞ்சினுக்குள் உள்ள கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் கடகடப்பும் அப்போதுதான் வெளிப்படும். விழுந்த வண்டியைக் காட்டிக்கொடுக்கும் ஹேண்டில்பார் முனை, லீவர் நுனி, கால் வைக்கும் ஃபுட்பெக், ஹேண்டில் ஓர் அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்கும் ஸ்டீயரிங் ஸ்டாப் ஆகியவற்றையும், எண்ணெய்க் கசிவில்லாத முன் ஃபோர்க்குகளையும் அருகிலிருந்து படமெடுத்து முன்கூட்டியே அனுப்பினேன்.

டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத் தயாரிப்பு. என் டயர்கள் பழையவை என்பதால், மாற்றும் செலவை நானே விலையில் கழித்துவிட்டேன். பேரம் பேசுபவருக்கு அதன்பின் பிடி குறைந்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விட எடுபட்டது வால்வ் கிளியரன்ஸ், அதாவது எஞ்சின் வால்வுகளுக்கு விடப்படும் நுண்ணிய இடைவெளி, சரிபார்த்த ரசீதுதான். செலவு மிகுந்த அந்த வேலையைப் பலர் தள்ளிப்போடுவதை அறிந்த ஒருவர், ரசீதில் இருந்த கிலோமீட்டரை மீட்டருடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டார்.